சிறு சொல்லையும் மறவாத சாமுவேல் ஜான்சன்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

ஆங்கில அகராதி என்றவுடன் அறிஞர் உலகம் நினைவுகூரும் பெயர் டாக்டர் சாமுவேல் ஜான்சன் என்பதாகும். 1755ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட அகராதி, ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஆங்கில மொழிக்கு வழிகாட்டியாய் விளங்கிற்று. வேதியியல் படிக்கும் மாணவன் அகராதிக்காரரைப் பற்றி எழுதுவானேன் என்று நண்பர்கள் எண்ணக்கூடும். அதற்குக் காரணம் என் ரெக்கார்டு நோட்டில் இருக்கிறது.

சென்ற ஆண்டு செய்முறை வகுப்பில் ஓர் உப்புடன் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சேர்த்தேன். நுரைத்துப் பொங்கிக் கார்பன் டை ஆக்சைடு வெளிவந்தது. சோதனை சரி; முடிவும் சரி. அதை ஆங்கிலத்தில் எழுதும்போது மட்டும் 'ரிசல்டட் இன்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'ரிசல்டட் ஃப்ரம்' என்று எழுதிவிட்டேன். ஆசிரியர் அந்தச் சொல்லைச் சிவப்பு மையால் வட்டமிட்டார். வாயு வந்த காரணத்தினால்தான் அமிலத்தை ஊற்றினாயா என்று சிரித்துக்கொண்டே கேட்டார். வகுப்பே சிரித்தது, நானும் உடன் சிரித்தேன். ஆனால் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஒரு சிறு சொல், காரணத்தைக் காரியமாகவும் காரியத்தைக் காரணமாகவும் தலைகீழாகப் புரட்டிவிட்டதே!

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறியவன் நானே முதல்வன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவன். இத்தகைய ஐயங்களைக் கேட்டுத் தெளிய வீட்டில் ஆள் இல்லை. ஆகவே நம் கல்லூரி நூலகத்தில் தேடலானேன். அப்படித் தேடியபோதுதான், இந்தச் சிறு சொற்களின் தொல்லையை அன்றே உணர்ந்து, நம்மைப் போன்றவர்களுக்காகக் கவலைப்பட்ட ஒரு பெரியவரைக் கண்டேன். அவர் வரலாற்றைச் சுருக்கமாகக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இளமையும் வறுமையும்

இங்கிலாந்தில் லிச்ஃபீல்டு என்னும் ஊரில் 1709ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 18ஆம் நாள் ஜான்சன் பிறந்தார். தந்தை மைக்கேல் ஜான்சன் புத்தக வணிகர். கடையில் நூல்கள் நிறைந்திருந்தன. கையில் காசு நிறைந்திருக்கவில்லை. கைக்குழந்தைப் பருவத்திலேயே கண்டமாலை நோய் ஜான்சனைப் பற்றியது. முகத்திலும் கழுத்திலும் தழும்புகள் நிலைத்தன. இடக்கண்ணின் பார்வை பெரும்பாலும் போயிற்று. பிற்காலத்தில் அவர் உடலும் முகமும் அவரையறியாமலே துடிக்கும். அதைக் கண்டு நகைத்தவர் பலர்.

எனினும், தந்தையின் கடையே அவருக்குப் பல்கலைக்கழகமாயிற்று. கிடைத்த நூல்களையெல்லாம் படித்தார். பள்ளியில் இலத்தீன் மொழியை ஐயந்திரிபறக் கற்றார். தாய்க்கு உறவினர் வழியில் வந்த சிறு தொகையைக் கொண்டு 1728ஆம் ஆண்டு அக்டோபரில் ஆக்ஸ்போர்டில் பெம்புரோக் கல்லூரியில் சேர்ந்தார்.

அங்கே அவர் காலணி கிழிந்து விரல்கள் வெளியே தெரிந்தனவாம். நண்பர் ஒருவரிடம் பாடக்குறிப்புக் கேட்க வேறொரு கல்லூரிக்குச் சென்று வந்தவர், அங்குள்ள மாணவர்கள் தம் காலைப் பார்ப்பதை உணர்ந்ததும் போவதையே நிறுத்திக்கொண்டார். இரக்கம் கொண்ட ஒருவர் புதிய காலணிகளை அவர் அறைவாயிலில் வைத்துவிட்டுப் போனார். ஜான்சன் அவற்றைச் சினந்து எறிந்துவிட்டார். பிறர் இரக்கத்தைத் தாங்க அந்த இளம் உள்ளத்தால் இயலவில்லை. பதின்மூன்று மாதங்களே ஆயின. 1729 டிசம்பரில் கட்டணம் செலுத்தப் பணமின்றிப் பட்டம் பெறாமலே ஊர் திரும்பினார்.

தொடர்ந்து வந்தவை துன்பங்களே. 1731ஆம் ஆண்டு தந்தை மறைந்தார். ஆழ்ந்த மனச்சோர்வு அவரை வாட்டியது. 1735இல் எலிசபெத் போர்ட்டர் என்னும் கைம்பெண்ணை மணந்தார். அம்மையார் அவரைவிட இருபது ஆண்டு மூத்தவர். மனைவி கொண்டுவந்த பணத்தில் எடியல் என்ற இடத்தில் ஒரு பள்ளி தொடங்கினார். மாணவர் சிலரே வந்தனர். பள்ளி விரைவில் மூடப்பட்டது. 1737ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், அப்பள்ளியில் படித்த டேவிட் காரிக் என்னும் இளைஞரோடு இலண்டன் மாநகருக்குப் புறப்பட்டார். காரிக் பின்னாளில் இங்கிலாந்தின் புகழ்பெற்ற நடிகரானார். ஜான்சனோ இதழ்களுக்கு எழுதிக் கிடைத்த கூலியில் காலம் கழித்தார். 1739இல் ஒரு பள்ளியில் தலைமையாசிரியர் பணி கிடைக்கும்போல் இருந்தது. அதற்குப் பட்டம் வேண்டும்; அவரிடம் பட்டம் இல்லை. அந்த வேலையும் கைநழுவிற்று.

அகராதிப் பணி

1746ஆம் ஆண்டு இலண்டன் நூல் வணிகர் சிலர் ஒன்றுகூடி, ஆங்கில மொழிக்கு நல்லதோர் அகராதி செய்து தருமாறு ஜான்சனைக் கேட்டனர். பேசிய தொகை 1,500 கினி. உதவியாளர் சம்பளம் முதல் தாள் செலவு வரை அனைத்தையும் அதிலேயே அவர் பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்று ஆண்டில் முடித்துவிடலாம் என்று அவர் நம்பினார். பிரெஞ்சு மொழிக்கு அகராதி செய்ய நாற்பது அறிஞர் கொண்ட ஒரு கழகம் பல பத்தாண்டுகள் உழைத்திருந்தது என்பதை நினைவில் கொண்டால், அந்த நம்பிக்கையின் துணிவு விளங்கும்.

கஃப் சதுக்கத்தில் 17ஆம் எண் வீட்டை வாடகைக்கு எடுத்தார். மேல்மாடத்தில் ஆறு உதவியாளர்கள் அமர்ந்தனர். ஜான்சன் நூல்களைப் படித்துக்கொண்டே போவார். எடுத்துக்காட்டுக்குத் தக்க தொடரைக் கரிக்கோலால் குறிப்பார். சொல்லின் முதலெழுத்தை ஓரத்தில் எழுதுவார். உதவியாளர்கள் அத்தொடரைத் தாள் துண்டில் பெயர்த்தெழுதி, அகரவரிசைப்படி சேர்ப்பார்கள். ஒருமுறை தாளின் இருபுறமும் எழுதிவிட்டார்கள். அச்சகத்துக்கு ஒருபுறம் எழுதிய தாளே வேண்டும். மீண்டும் படியெடுக்க இருபது பவுன் செலவாயிற்று.

அகராதித் திட்டத்தை 1747இல் செஸ்டர்ஃபீல்டு பிரபுவை முன்னிறுத்தி வெளியிட்டார். பிரபு பத்துப் பவுன் கொடுத்ததோடு சரி. ஆண்டுகள் பல கடந்து, அகராதி முடியும் தறுவாயில், இதழில் புகழ்ந்து எழுதினார். உதவி தேவைப்பட்ட காலத்தில் வாயிலில் காக்கவைத்துவிட்டு, கரையேறிய பின்னர்க் கைகொடுக்க வருவது ஆதரவாகுமா என்ற கருத்தமைய 1755 பிப்ரவரியில் ஜான்சன் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். எழுத்தாளன் பிரபுக்களை அண்டியே பிழைக்க வேண்டும் என்ற நிலைக்கு எதிரான குரலாக அக்கடிதம் இன்றும் போற்றப்படுகிறது.

மூன்றாண்டு என்று தொடங்கிய பணி ஒன்பது ஆண்டு நீண்டது. இடையில் 1752இல் மனைவி மறைந்தார். 1755 ஏப்ரல் 15ஆம் நாள் அகராதி இரண்டு பெருந்தொகுதிகளாக வெளிவந்தது. ஏறத்தாழ 42,000 சொற்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்கள். எந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து பணமின்றி வெளியேறினாரோ, அதே ஆக்ஸ்போர்டு அவ்வாண்டு அவருக்கு எம்.ஏ. பட்டம் வழங்கிற்று. அகராதியின் முகப்பிலேயே அவர் பெயருடன் அப்பட்டம் அச்சாயிற்று.

வினையும் அதன் வாலும்

இனி, என்னை இவரிடம் அழைத்துச் சென்ற செய்திக்கு வருகிறேன். 1604இல் ராபர்ட் காட்ரி வெளியிட்ட ஆங்கில அகராதி அருஞ்சொற்களுக்கே பொருள் கூறிற்று. எல்லாருக்கும் தெரிந்த எளிய வினைகளுக்குப் பொருள் எதற்கு என்பது அக்கால எண்ணம். எளிய வினைகளே அரிய வினைகள் என்று கண்டவர் ஜான்சன். 'டேக்' என்னும் ஒரு வினைக்கு மட்டும் 134 பொருள்களை வகுத்துக் காட்டினார்.

அத்துடன் நிற்கவில்லை. வினைக்குப் பின்னால் வால்போல் வந்து ஒட்டும் சிறு சொற்களையும் அவர் விடவில்லை. 'ப்ரேக்' என்றால் உடைதல். 'அவுட்' என்றால் வெளியே. இரண்டும் சேர்ந்த 'ப்ரேக் அவுட்' என்பதற்கோ போரோ நோயோ திடீரென மூளுதல் என்பது பொருள். தனித்தனிச் சொற்களை அறிந்தவனுக்கும் கூட்டுப்பொருள் எளிதில் புலப்படாது. அகராதியின் முன்னுரையில் ஜான்சன் இதைத் தனியே எடுத்துப் பேசுகிறார். பிறமொழியாளருக்கு ஆங்கிலத்தில் பெருந்தொல்லை தருவது இதுவே என்கிறார். இத்தகைய கூட்டுகளைக் கவனமாகத் திரட்டியிருப்பதாகவும், விடுபட்டவற்றைத் திரட்டியவற்றோடு ஒப்பிட்டு மாணவர் தாமே பொருள் காணலாம் என்றும் ஆறுதல் கூறுகிறார். 'ஃப்ரேசல் வெர்ப்' என்று இன்று நாம் படிக்கும் பெயரோ 1925இல் லோகன் பியர்சால் ஸ்மித் எழுதிய நூலின் வழியே பரவியது. பெயர் பரவுவதற்கு 170 ஆண்டு முன்னரே ஜான்சன் பொருளைத் திரட்டி வைத்துவிட்டார்.

அயல்மொழி மாணவனுக்காக அன்றே ஒருவர் கவலைப்பட்டிருக்கிறார் என்று அறிந்தபோது, சிவப்பு வட்டத்தின் வலி எனக்குப் பாதி குறைந்துவிட்டது.

அவர் காட்டிய ஒப்பிடும் வழியிலேயே, விளைவைக் கூறும் வினைகளை நானும் ஒப்பிட்டுப் பார்த்தேன். 'ரிசல்ட்' என்ற சொல்லே, துள்ளித் திரும்புதல் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஒரு செயலிலிருந்து துள்ளி வருவது அதன் விளைவு. 'ரிசல்ட்' என்ற வினை காரணத்தை நோக்குகிறதா, காரியத்தை நோக்குகிறதா என்று காட்டுவது அதன் பின்வரும் சிறு சொல்தான். 'இன்' வந்தால் அதன்பின் நிற்பது காரியம். 'ஃப்ரம்' வந்தால் அதன்பின் நிற்பது காரணம்.

இதை மனத்தில் நிறுத்த நம் தமிழ் வேற்றுமையே போதும். முயற்சி வெற்றியில் முடிந்தது என்கிறோம். இங்குள்ள 'இல்' உருபே 'ரிசல்ட் இன்', 'எண்ட் இன்' என்பவற்றில் உள்ள 'இன்'. கவனக்குறைவு விபத்துக்கு வழிவகுத்தது என்கிறோம். இங்குள்ள 'கு' உருபே 'லீட் டு' என்பதில் உள்ள 'டு'. துரு ஈரத்தால் விளைந்தது என்கிறோம். இங்குள்ள 'ஆல்' உருபின் வேலையை 'ரிசல்ட் ஃப்ரம்', 'அரைஸ் ஃப்ரம்' என்பவற்றில் 'ஃப்ரம்' செய்கிறது. நம் உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். அவர்கள் சொல் பெயருக்கு முன்னால் நிற்கும். 'காஸ்' என்னும் வினைக்கு மட்டும் இந்த வால் வேண்டாம். நம் 'ஐ' உருபு போல அது விளைவை நேரே பற்றிக்கொள்ளும். எல்லா இடத்திலும் இந்தப் பொருத்தம் கைகொடுக்காது என்றாலும், தொடங்குபவனுக்கு இது நல்ல ஊன்றுகோல்.

வேறொரு வகையும் உண்டு. அடுப்பில் கொதிப்பதற்கு ஆங்கிலத்தில் 'பாயில்' என்பது பெயர். 'பாயில் ஓவர்' என்றால் பால் பொங்கி வழிந்துவிட்டது. 'பாயில் அவே' என்றால் நீர் முழுதும் ஆவியாகி வற்றிவிட்டது. 'பாயில் டவுன்' என்றால் குழம்பு சுண்டிவிட்டது. கொதித்தல் ஒன்றே, முடிவு மூன்று. அந்த முடிவைச் சொல்வது வால். தமிழில் அதையே வேறு வினை சேர்த்துச் சொல்கிறோம்: பொங்கி வழிந்தது, வற்றிப் போயிற்று. என் தாயாருக்கு ஆங்கில எழுத்துத் தெரியாது. ஆனால் இந்த மூன்று முடிவுகளின் வேறுபாடு அவரைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்?

சந்தையில் ஒரு முதியவர்

அகராதி புகழைத் தந்தது, செல்வத்தைத் தரவில்லை. 1756ஆம் ஆண்டு, ஆறு பவுனுக்கும் குறைந்த கடனுக்காக ஜான்சன் கைது செய்யப்பட்டார். நாவலாசிரியர் சாமுவேல் ரிச்சர்ட்சன் ஆறு கினி அனுப்பி மீட்டார். 1759இல் தாயார் மறைந்தபோது, இறுதிச் செலவுக்கும் சிறு கடன்களுக்கும் பணம் வேண்டி, ஒரே வாரத்து மாலைப் பொழுதுகளில் 'ராசலஸ்' என்னும் கதையை எழுதினார். 1762இல் அரசர் மூன்றாம் ஜார்ஜ் ஆண்டுக்கு 300 பவுன் உதவித்தொகை அளித்த பின்னரே வறுமை விலகிற்று. அதன்பின் ஷேக்ஸ்பியர் நாடகங்களைப் பதிப்பித்தார். கவிஞர்களின் வரலாறுகளை எழுதினார். டப்ளினும் ஆக்ஸ்போர்டும் டாக்டர் பட்டம் வழங்கின. 1763இல் அறிமுகமான ஜேம்ஸ் பாஸ்வெல் பின்னாளில் அவர் வரலாற்றை எழுதி அழியாப் புகழ் பெற்றார்.

தாம் பட்ட துன்பத்தை அவர் மறக்கவில்லை. ஜமைக்காவில் அடிமையாகப் பிறந்த ஃபிரான்சிஸ் பார்பர் என்னும் சிறுவன் 1752இல் அவர் வீட்டுக்கு வந்தான். அவனைப் பள்ளிக்கு அனுப்பிப் படிக்க வைத்தார். இறுதியில் தம் சொத்தின் பெரும்பகுதியையும் அவருக்கே எழுதிவைத்தார்.

என் உள்ளத்தை உருக்கிய நிகழ்ச்சி ஒன்றுண்டு. ஜான்சன் இளைஞராயிருந்தபோது, யுட்டாக்ஸிட்டர் என்னும் ஊர்ச் சந்தையில் தந்தை புத்தகக் கடை விரிப்பது வழக்கம். ஒருநாள் தந்தை உடல்நலமின்றித் தமக்கு மாற்றாகச் சென்று வரச் சொன்னார். மகன் செருக்கினால் மறுத்துவிட்டார். ஏறத்தாழ ஐம்பது ஆண்டு கழித்து, நாடறிந்த அறிஞராகிய ஜான்சன் அதே சந்தைக்குச் சென்றார். தந்தையின் கடை இருந்த இடத்தில், கொட்டும் மழையில், தொப்பியைக் கழற்றிவிட்டு நெடுநேரம் நின்றார். சந்தைக்கு வந்தவர்கள் ஏளனமாகப் பார்த்தார்கள். அவர் அசையவில்லை.

என் தந்தையார் வாரச்சந்தையில் காய்கறி விற்பவர். கல்லூரி நண்பர்கள் கண்ணில் படக்கூடுமே என்று சந்தை நாளில் நான் அப்பக்கம் போகாதிருந்ததுண்டு. இவ்வரலாற்றைப் படித்த வாரமே சென்று தராசைப் பிடித்தேன். ஐம்பது ஆண்டு காத்திருக்க வேண்டாம் அல்லவா?

1784ஆம் ஆண்டு டிசம்பர் 13ஆம் நாள் ஜான்சன் மறைந்தார். வெஸ்ட்மினிஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அகராதி உருவான கஃப் சதுக்கத்து வீடும், அவர் பிறந்த வீடும் இன்று காட்சியகங்களாக விளங்குகின்றன.

நிறைவாக

இத்தகைய வாழ்க்கையைப் படிப்பவர்கள், வறுமைதான் அவரைப் பெரியவராக்கியது என்று முடிவு கூறுவதுண்டு. மேடைகளிலும் அவ்வாறு கேட்டிருக்கிறோம். எண்ணிப் பார்த்தால், அது என் ரெக்கார்டு நோட்டில் நேர்ந்த அதே பிழை. வறுமை எதில் முடிந்தது? பதின்மூன்று மாதத்தில் நின்ற படிப்பில் முடிந்தது. பட்டமின்றி இழந்த வேலையில் முடிந்தது. கடனுக்காகக் கைதானதில் முடிந்தது. அகராதி எதனால் விளைந்தது? ஒன்பது ஆண்டு உழைப்பால் விளைந்தது. சிறுவயதில் தந்தையின் கடையில் படித்த நூல்களால் விளைந்தது. இரண்டையும் மாற்றிப் போட்டால் வறுமையைப் புகழ்ந்து, உழைப்பை மறந்தவர்களாவோம். பணமின்றிப் படிப்பை நிறுத்திய ஒருவர் வென்றார் என்பதற்காக, பணமின்றிப் படிப்பை நிறுத்தும் எவருக்கும் அது நன்மை ஆகிவிடாது. நம் ஊர்களில் அவ்வாறு பாதியில் நின்றவர்கள் எத்தனை பேர்! அவர்களுள் எத்தனை ஜான்சன்கள் இருந்தனரோ!

ஆகவே, மாணவ நண்பர்களே, ஆங்கிலத்தில் ஒரு வினையைக் கற்கும்போது அதன் பின்வரும் சிறு சொல்லையும் சேர்த்தே கற்போம். 'ரிசல்ட்' என்று எழுதிய கை, அடுத்த சொல்லை எழுதுமுன் ஒரு நொடி நிற்கட்டும். காரணம் எது, காரியம் எது என்று கேட்கட்டும். தவறு நேர்ந்தால் நாணித் தளராமல், திருத்திக்கொண்டு மேலே செல்வோம். இவ்வாண்டு என் நோட்டில் அந்தச் சிவப்பு வட்டம் இல்லை. பழைய நோட்டையோ நான் எறிந்துவிடவில்லை, பத்திரமாக வைத்திருக்கிறேன்.